உஷார்! கோர்ட்டுகளில் பழைய டிக்ரிகளைத் தூசி தட்டுகிறார்கள்

செஞ்சி, வல்லம், அனந்தபுரம், மேல்மலையனூர் பக்கத்தில் எப்போதோ ஒரு புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு, அது கேஸாகி, கோர்ட்டிலிருந்து ஏதோ ஒரு தபால் வந்து, அதை டிரங்குப் பெட்டிக்குள் போட்டு மறந்துவிட்ட குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை அவசர அவசரமாக எழுதுகிறேன். அந்தத் தபாலை இன்றைக்கே தேடி எடுங்கள். அதன் மேல் ஓ.எஸ். என்று போட்டு ஒரு நம்பரும் வருஷமும் இருக்கும். அந்த நம்பர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஏன் இப்போது? 2025 மார்ச் 6-ம் தேதி, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பழைய சொத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. டிக்ரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, வாங்கியவர் அதன் பலனை அனுபவிக்க ஆண்டுக்கணக்கில் அலைவதைக் கண்டித்து, நாடு முழுக்க நிலுவையில் இருக்கும் நிறைவேற்று மனுக்களை, அதாவது நம் ஊர் வக்கீல்கள் 'ஈ.பி.' என்று சொல்லும் மனுக்களை, ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொன்னது. அந்த ஆண்டு அக்டோபரில் கணக்குக் கேட்டபோது 8,82,578 ஈ.பி.க்கள் முடியாமல் கிடப்பது தெரிந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரத்துக்கு மேல். அந்த ஆறு மாதத்தில் முடித்தவையே 3 லட்சத்து 38 ஆயிரத்தைத் தாண்டும். இந்த வேகம் நல்லதுதான், நியாயமாகக் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு. ஆனால் அடுத்த பக்கத்தில் நிற்பவர் பல வருஷமாக வாய்தா மேல் வாய்தா போவதைப் பார்த்து, கேஸ் தானாகவே செத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த நம்பிக்கைதான் இப்போது ஆபத்து.

செஞ்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்று சேர்த்த 12-ல் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். அன்றிலிருந்து மனை, லாட்ஜ், ரோட்டோர நிலம் என்றுதான் டீக்கடைப் பேச்சு. 'இவன்கிட்ட என்ன இருக்குது, ஜப்தி பண்ண' என்று அன்றைக்குக் கைவிட்ட, கடன் கொடுத்தவர், அதே ஆளின் முக்கால் ஏக்கர் இன்றைக்கு என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் போடாமல் இருப்பாரா?

முதலில் இந்த வருஷக் கணக்கைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 'மூணு வருஷம் தாண்டிட்டா நோட்டு செல்லாது' என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது புரோநோட்டுக்கு. கேஸ் போடுவதற்கான கெடு அது. கேஸ் போட்டுத் தீர்ப்பாகிவிட்டால் அதற்கு ஆயுள் 12 வருஷம். 1963-ம் ஆண்டுக் காலவரைச் சட்டத்தில் 136-ம் இனம் அதைத்தான் சொல்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, நாலாவது வருஷமே நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் உண்டு.

சரி, 12 வருஷமும் தாண்டிவிட்டதே என்கிறீர்களா? பொறுங்கள். கொரோனாக் காலத்தில் கோர்ட்டுக்குப் போக முடியாமல் போனதால், 15.3.2020 முதல் 28.2.2022 வரையான நாட்களைக் காலவரைக் கணக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் கழித்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு வருஷம். 2013 ஜூனில் விழுந்த ஒரு டிக்ரி 2025 ஜூனில் முடிந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்த நாட்களைக் கழித்துப் பார்த்தால் 2027 மே வரைக்கும் இழுக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். அதுமட்டுமல்ல, 12 வருஷத்துக்குள் ஈ.பி. போட்டுவிட்டால் போதும், அது முடிவதற்கு இருபது வருஷம் ஆனாலும் டிக்ரி உயிரோடுதான் இருக்கும். 'ஈ.பி.யை க்ளோஸ் பண்ணிட்டாங்க' என்று யாராவது சொன்னால் அதையும் அப்படியே நம்பாதீர்கள். எதற்காக முடித்தார்கள் என்று உத்தரவைப் பாருங்கள். கணக்குக் காட்டுவதற்காக மூடியதை மறுபடி எழுப்ப முடியும். பணம் முழுக்க வந்து சேர்ந்தது என்று பதிவாகி முடிந்ததுதான் உண்மையில் முடிந்தது.

இதற்கு நேர்மாறாக ஒரு நல்ல சேதி. கெடு நிஜமாகவே தாண்டியிருந்தால், நடுவில் நீங்கள் ஐயாயிரம் பத்தாயிரம் கட்டியதைக் காட்டி டிக்ரியின் ஆயுளை நீட்ட முடியாது. சாதாரணக் கடனுக்குப் பொருந்துவது டிக்ரிக்குப் பொருந்தாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனுவும் ஈ.பி.க்குக் கிடையாது. ஆகவே கெடு முடிந்த டிக்ரியைக் காட்டி யாராவது மிரட்டினால், பயந்துபோய்ப் புதுப் புரோநோட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். செத்த கடனுக்கு நீங்களே புது உயிர் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது எனக்கு மிகவும் வயிற்றைக் கலக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பணத்தைக் கட்டி முடித்தவர்களே மாட்டிக்கொள்ளும் இடம் இது.

ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்லைப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு நேராகக் கடன் கொடுத்தவரின் கடைக்குப் போகிறார். மூன்று போகம் இப்படியே கொடுத்து அடைத்துவிட்டார். கடைசித் தவணை அன்று கடைக்காரர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுக்கிறார், அவர் கண் எதிரிலேயே நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போடுகிறார். 'நோட்ட கிழிச்சிட்டேன், கணக்கு முடிஞ்சிச்சி, போய்ட்டு வா' என்கிறார். விவசாயியும் கும்பிட்டுவிட்டு வருகிறார். ஆனால் கேஸ் நடந்து தீர்ப்பான பிறகு அசல் புரோநோட்டு கடை டிராயரில் எப்படி இருக்கும்? அது கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியிடப்பட்டு, கேஸ் கட்டுக்குள் இருக்கிறது. அப்படியே அது அசலாக இருந்தாலும், தீர்ப்பான நிமிஷத்திலிருந்து கடன் நிற்பது டிக்ரியில்தான், நோட்டில் இல்லை. கிழிந்தது வெறும் காகிதம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம், அதாவது 1908-ம் ஆண்டு சி.பி.சி., கட்டளை 21, விதி 2 இதில் ஈவு இரக்கமே காட்டாது. கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தைக் கோர்ட்டில் பதிய வேண்டும். டிக்ரி வாங்கியவர் தானாக வந்து சொல்ல வேண்டும், அது அவர் கடமை. அவர் சொல்லவில்லை என்றால் நீங்கள்தான் மனுப் போட வேண்டும். அதற்குக் கெடு வெறும் 30 நாள். பதியாத பணத்தை, ஈ.பி. விசாரிக்கும் கோர்ட் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. ஊரே சாட்சி சொன்னாலும் எடுத்துக்கொள்ளாது. கடைக்காரர் இறந்து அவர் மகன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டும்போது, அவருக்குத் தெரிவது டிக்ரி நகல் ஒன்றுதான். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. உங்கள் மூன்று போக உழைப்பு எங்கும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

அதனால் டிக்ரிக் கடனுக்கு ஒரு ரூபாய்கூட கையில் கொடுக்காதீர்கள். கோர்ட்டில் டெபாசிட் செய்யுங்கள், இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு வழியாக அனுப்பி, ஓ.எஸ். நம்பரைக் குறிப்பிட்டு ரசீது வாங்குங்கள். முழுக்க முடிந்ததும் டிக்ரி வாங்கியவரும் அவர் வக்கீலும் கையெழுத்துப் போட்ட மெமோவைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வைத்து, 'முழுத் தொகையும் வசூலானது' என்று கோர்ட் பதிவு செய்த உத்தரவின் நகலை வாங்கிய பிறகுதான் அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும். லோக் அதாலத்தில் சமரசம் பேசி முடித்தவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே கையெழுத்தான தீர்வும் சட்டப்படி டிக்ரிதான். மேல்முறையீடும் கிடையாது. ஒரு தவணை தவறினால் நேராக ஈ.பி.

அடுத்த ஆபத்து, கேஸ் நடந்ததே தெரியாதவர்களுக்கு. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டார், சம்மன் ஊருக்கு வந்தது, 'ஆள் இல்லை' என்று திரும்பியது. அப்புறம் கதவில் ஒட்டினார்கள், பேப்பரில் விளம்பரம் போட்டார்கள், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. எக்ஸ்பார்ட்டி டிக்ரி என்றால் உண்மையா பொய்யா என்று யாரும் எதிர்த்துக் கேட்காமலே ஆன டிக்ரி. வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் கந்துவட்டி ஆட்களுக்கு இதைவிட வசதி வேறு இல்லை. ஐம்பதாயிரம் வாங்கியவர் பேரில் ஐந்து லட்சம் என்று நிரப்பியிருந்தால்கூட மறுக்க அங்கே ஆள் இல்லையே!

இதை ரத்து செய்யக் கேட்கலாம், டிக்ரி போட்ட அதே கோர்ட்டில், சி.பி.சி. கட்டளை 9 விதி 13-ன் கீழ். கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை, அதாவது உங்களிடம் வந்து சேரவில்லை என்றால் அந்த 30 நாள், டிக்ரி இருப்பது உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து ஓடும். பேப்பர் விளம்பரத்தை இந்தக் கணக்கில் முறையான சார்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே ஈ.பி. நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த அன்று கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அதை வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்துவது இருப்பதிலேயே மோசமான வழி. மறுத்தால் சார்வு ஆனதாகவே எழுதிவிடுவார்கள். வாங்குங்கள், வாங்கிய தேதியை உறையின் மேலேயே எழுதுங்கள், அந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். மனுப் போட்டதாலேயே ஜப்தியும் ஏலமும் நின்றுவிடாது, தடையுத்தரவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 30 நாள் தாண்டியிருந்தால் தாமத மன்னிப்பு மனுவும் சேர வேண்டும். இங்கே அது உண்டு. டிக்ரிப் பணத்தில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி நிபந்தனை போடுவது வழக்கம், கையில் கொஞ்சம் தயாராக வைத்திருங்கள்.

அமீனா வந்து நின்றால் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது? பலர் பயத்தில் இதைக் கேட்பதே இல்லை. சி.பி.சி. 60-வது பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் ஏர், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை நெல், இவற்றைத் தொடக் கூடாது. விவசாயியோ கூலித் தொழிலாளியோ தானே குடியிருக்கும் சொந்த வீட்டையும் ஜப்தி செய்ய முடியாது. இந்த உரிமை தானாக வராது, நீங்கள் எழுந்து கேட்க வேண்டும், ஏலத்துக்கு முன்பே கேட்க வேண்டும். வீட்டை அடமானம் வைத்து அதன்மேல் ஆன டிக்ரி என்றால் இந்தப் பாதுகாப்பு உதவாது. நிலத்துக்கோ பாதுகாப்பே இல்லை. ஆனால் இரண்டு லட்சத்துக்காக மூன்று ஏக்கரையும் ஏலம் போட முடியாது, கடனுக்குத் தேவையான அளவைத்தான் விற்க வேண்டும் என்று கட்டளை 21 விதி 64 சொல்கிறது. ஏல அறிவிப்பில் போட்டிருக்கும் பரப்பையும் மதிப்பையும் வரி வரியாகப் படியுங்கள். ஏலமே முடிந்துவிட்டதா? 60 நாளுக்குள், அறிவிப்பில் கண்ட தொகையையும் ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் கோர்ட்டில் கட்டி ஏலத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அறுபத்தோராம் நாள் போய் அழுதால் ஒன்றும் நடக்காது.

வட்டிக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். தீர்ப்புக்குப் பிறகான வட்டி, வியாபாரக் கடன் அல்லாத கடனுக்கு, வருஷத்துக்கு 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அசல் 2 லட்சம் என்றால் வருஷத்துக்கு 12,000. பன்னிரண்டு வருஷத்துக்கு 1,44,000. அதோடு தீர்ப்புக்கு முந்திய வட்டி, கோர்ட் செலவு. வட்டிக்கு வட்டி போட்டுப் பத்து லட்சம் என்று யாராவது வாயால் சொன்னால், டிக்ரியின் சான்று நகலுக்கு விண்ணப்பம் போட்டு வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஜெயில்? அந்தப் பயம்தான் பலரை ஊரைவிட்டே ஓட வைக்கிறது. பணக் கடன் டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது, 56-வது பிரிவு. ஆண்களையும் ஏழை என்பதற்காக உள்ளே தள்ள முடியாது. 1980-ல் பேங்க் ஆஃப் கொச்சின் சம்பந்தப்பட்ட வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை அடித்துச் சொன்னார். கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் ஏய்ப்பவரைத்தான் சிறைக்கு அனுப்பலாம், அதுவும் காரணம் கேட்டு விசாரித்த பிறகு, அதிகபட்சம் மூன்று மாதம். சிறைக்குப் போய் வந்தாலும் கடன் கழியாது. ஆக, விசாரணைக்குப் போய் 'என் வருமானம் இது, சொத்து இது' என்று சொல்பவர் பிழைப்பார். வராமல் ஒளிபவர் மேல்தான் வாரண்ட் பாயும்.

இந்தப் பயத்தை வைத்தே பணம் பறிக்கும் கும்பலும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அசோகச் சின்னம் போட்ட 'அரஸ்ட் வாரண்ட்' அனுப்பி, இன்று மாலைக்குள் இந்த யு.பி.ஐ. நம்பருக்குக் கட்டு என்பார்கள். எந்தக் கோர்ட்டும் அப்படிப் பணம் வாங்காது. அனுப்பியவரிடம் ஓ.எஸ். நம்பர், ஈ.பி. நம்பர், எந்தக் கோர்ட் என்று கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள்.

அப்பா பேரில் இருக்கும் டிக்ரி பற்றியும் சொல்லியாக வேண்டும். செஞ்சிக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1714-ல் ஸ்வரூப் சிங் இறந்ததும், அவர் வைத்துவிட்டுப் போன கப்பப் பாக்கியை ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், ஸ்வரூப் சிங்கின் மகன் தேசிங்கிடம் கேட்டார். அந்தச் சண்டையில் அதே வருஷம் தேசிங்கு ராஜன் உயிரை விட்டான். இன்றையச் சட்டம் அப்படி இல்லை. அப்பாவின் சொத்து எவ்வளவு உங்கள் கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. உங்கள் சம்பளத்தையும் நீங்கள் சம்பாதித்து வாங்கிய மனையையும் தொட முடியாது. ஆனால் வாரிசாகச் சேர்த்து நோட்டீஸ் வரும்போது போய் அதைச் சொல்ல வேண்டும். சொத்தைப் பாகம் பிரிக்கும் முன், அப்பா பேரில் டிக்ரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிரியுங்கள். வில்லங்கச் சான்றை மட்டும் நம்பாதீர்கள். டிக்ரி ஆனதாலேயே வில்லங்கத்தில் ஏறாது. ஜப்தி உத்தரவு போய்ச் சேர்ந்திருந்தால்தான் ஏறும். நிலம் வாங்க வருபவர்களுக்கும் இதையே சொல்கிறேன், ஜப்தியான பிறகு விற்ற விற்பனை டிக்ரிக்காரர் முன் நிற்காது.

சீட்டுக்கு ஜாமீன் போட்ட வாத்தியார்களையும் வி.ஏ.ஓ.க்களையும் நினைத்தால் எனக்கு மனசு பதறுகிறது. ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவுப்படி ஜாமீன்தாரரும் கடனாளி அளவுக்கே பொறுப்பு. கடன் வாங்கியவரை முதலில் தேடு என்று சொல்லக்கூட வழியில்லை. மாதச் சம்பளம் சுலபமாகப் பிடிபடும் என்பதால் முதலில் உங்கள் அலுவலகத்துக்குத்தான் உத்தரவு வரும். முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட்டு மற்றதைப் பிடிப்பார்கள். கணக்கில் வரும் சம்பளம் 40,000 என்றால் மாதம் 13,000 வரை போகும். ஒரே டிக்ரிக்கு 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது.

உங்கள் பேரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டமில்லை. இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப்பிலோ இணையதளத்திலோ தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம் என்று போய், செஞ்சி கோர்ட்டில் கட்சிக்காரர் பெயரும் வருஷமும் போட்டுத் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதிப் பாருங்கள். ஒரே ஏழுமலையை நாலு விதமாகத் தட்டச்சு செய்திருப்பார்கள், இனிஷியல் முன்னாலும் இருக்கும் பின்னாலும் இருக்கும். நிலுவை, முடிந்தவை இரண்டிலும் தேடுங்கள். விழுப்புரம், திண்டிவனம் கோர்ட்டுகளையும் விடாதீர்கள், கடன் கொடுத்தவர் எங்கே இருந்தாரோ அங்கே போட்டிருப்பார். மிகப் பழைய கேஸ்கள் கணினியில் ஏறாமல் இருக்கலாம், அதற்கு வக்கீல் குமாஸ்தாதான் கதி.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? கோர்ட் வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்றே கேட்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். மற்ற ஏழைகளுக்கும் வருமான வரம்புக்குள் உண்டு. போனில் கேட்க 15100. போகும்போது உறையோடு நோட்டீஸ், பணம் கட்டிய ரசீதுகள், வங்கிப் பாஸ்புக், பட்டா நகல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நோட்டீஸ் எந்தத் தேதியில் வந்தது என்று காட்ட அந்தத் தபால் முத்திரை வேண்டும்.